ரெண்டாவது கவுறு

கரும்பு டிராக்டர் வரும் சத்தம் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பையை வாசலில் வீசிவிட்டு ரோட்டுக்கு ஓடுவோம். ஏரிக்கரை ஏற்றத்தில் டிராக்டர் மூச்சு முட்டி நகரும். நடந்து போகிற ஆளைவிட மெதுவாகப் போகும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலேயே ஓடி, பாரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கரும்பில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி உருவ வேண்டும். கட்டு கட்டியிருக்கும் சோகை கையைக் கிழிக்கும். அதெல்லாம் கணக்கே இல்லை. உருவின கரும்பை முழங்காலில் வைத்து உடைத்து ஆளுக்கொரு துண்டு தின்போம்.

ஊர்த்தெருப் பிள்ளைகளும் உருவுவார்கள். அவர்கள் உருவினால் விளையாட்டு. நாங்கள் உருவினால் திருட்டு. அந்தக் கரும்பை வெட்டினது எங்கள் அம்மா, சோகை உரித்தது எங்கள் ஆயா, தலையில் சுமந்து பலகை ஏறி வண்டியில் அடுக்கினது எங்கள் அப்பா. ஆனாலும் நாங்கள் தின்றால் திருட்டு. விழுப்புரம் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடுவில் பிறந்த எந்தக் காலனிப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

2000-ஆம் வருஷம், தை மாதம். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வந்த லோடின் உச்சியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் அத்தை, அப்பாவுடன் பிறந்தவள். புருசன் விட்டுப்போய் ஒரே பையனை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டோடு இருந்தவள். காலையிலிருந்து வெட்டிவிட்டு வீடு திரும்ப வேறு வண்டி கிடையாது. அந்தக் காட்டுப் பக்கம் பஸ் கிடையாது. வெட்டின கரும்பு மேலேயே ஏறி உட்கார்ந்து வந்து காலனி முனையில் குதித்துவிடுவார்கள். அது தினப்படி நடப்பதுதான்.

நான் ஓடி வருவதை அத்தை மேலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏ புள்ள, ரோட்டு மேல ஓடாத. வீட்டுக்குப் போ!"

அத்தைதானே என்கிற தைரியத்தில் நான் சிரித்துக்கொண்டே ஒரு கரும்பைப் பிடித்து உருவினேன். லேசில் வந்துவிட்டது. கரும்போடு ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி ஏற்றம் தாண்டி, வாய்க்கால் மதகு வளைவில் இறங்கியது.

முதல் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மலையிலிருந்து கல் சரிகிற மாதிரி நீளமான சத்தம். பிறகு டிராக்டர் சத்தம் நின்றுபோனது.

எதிரே வந்த வண்டிக்கு வழிவிட ஒதுங்கியபோது டிரெய்லரின் இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பாரம் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. மேலே இருந்தவர்களில் மூன்று பேர் தூரமாய்ச் சேற்று வயலில் போய் விழுந்தார்கள். கை கால் முறிவோடு பிழைத்தார்கள். அத்தை கரும்புக்கு அடியில் போய்விட்டாள்.

பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அப்பா கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தார். ஓடி வந்த எல்லாரும் எறிந்தார்கள். அரைமணி நேரம் ஆனது. அப்புறம் அப்பா எறிவதை நிறுத்திவிட்டார். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

நிலத்துக்காரர் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். டிராக்டரும் அவருடையதுதான். கவிழ்ந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கூடியிருந்த காலனிப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர் சொன்ன வாசகம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"இந்தச் சேரிப் பசங்க உருவி உருவித்தான் பாரம் தொளதொளத்துப் போச்சி. எத்தினி வாட்டிடா சொல்றது ஒங்களுக்கு?"

என் கையில் அந்தக் கரும்புத் துண்டு இன்னும் இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாய்க்காலில் போட்டேன்.

பத்து வயசில் நான் ஒரு கொலை செய்துவிட்டேன் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். ஆத்தாளிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தை மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு அப்போது 13 வயசு. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டான். பொங்கலுக்கு வீட்டில் கரும்பு வைத்தால் எனக்கு வாந்தி வரும். "இந்தப் பொண்ணுக்குக் கரும்பு சேராது" என்று வீட்டில் பேராகிவிட்டது.

அன்று ராத்திரி இன்னொன்றும் நடந்தது. அத்தை பெரியாஸ்பத்திரி சவக்கிடங்கில் கிடந்தாள். கரும்பு காய்ந்தால் எடை குறையும். ஆலையில் கொடுத்த வெட்டு உத்தரவுக்கு நாள் தாண்டும். அதனால் பெட்டியை நிமிர்த்தி அதே கரும்பைத் திரும்ப ஏற்றினார்கள். ஏற்றினது யார்? எங்கள் ஆட்கள்தான். எங்கள் அப்பாவும்தான். மாட்டேன் என்று சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் முன்பணம் வாங்கியிருந்த ஆள் எப்படி மாட்டேன் என்று சொல்வது? அந்த லோடு ஆலை எடை மேடையில் ஏறியது. சீட்டு வந்தது. 11 டன் 340 கிலோ. வெட்டுக் கூலி டன் கணக்கில் என்பதால் மேஸ்திரி சீட்டின் நகலை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கரும்பின் எடை கிலோ சுத்தமாகத் தெரிந்திருந்தது. என் அத்தை அதற்கடியில் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

போலீஸ் முதல் தகவல் அறிக்கை எழுதியது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டியதாக டிரைவர் மேல் வழக்கு. நடக்கிற ஆளைவிட மெதுவாக ஏற்றம் ஏறின வண்டி அது. டிரைவர் யார்? பக்கத்துக் காலனிப் பையன். மீசை சரியாக முளைக்காதவன். நிலத்துக்காரர் பேர் வழக்கில் எங்கேயும் இல்லை. ஊர்ப் பெரிய மனுசர்கள் உட்கார்ந்து பேசி 10,000 ரூபாய் கொடுத்தார்கள். அப்பா கைநாட்டு வைத்தார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் நான் படித்தேன். விழுந்து விழுந்து படித்தேன். எம்.ஏ. தமிழ் வரைக்கும் வந்தேன். வகுப்பில் சங்க இலக்கியத்து உமணர்கள் உப்பு வண்டியோடு மேடும் பள்ளமும் கடந்து போவதைப் பேராசிரியர் ரசித்து ரசித்து நடத்துவார். எனக்கு அச்சு முறியுமோ, பாரம் சரியுமோ என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த நாளில்தான் விடுதித் தோழி ஒருத்தி அம்பேத்கர் தன் வாழ்க்கையில் பட்ட தீண்டாமையைத் தானே எழுதின சிறு நூலைக் கொடுத்தாள். அதில் ஒரு வண்டி விபத்து வருகிறது. நடந்தது 1929-இல். தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு போட்ட குழுவில் அவர் உறுப்பினர். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வருகிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் மகரை ஏற்றி ஓட்டமாட்டோம் என்கிறார்கள். வேண்டுமானால் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் ஓட்டமாட்டோம் என்கிறார்கள். தேடி வந்த விருந்தாளியை நடக்க வைப்பதா என்று நினைத்த அந்த ஜனங்கள் தங்களில் ஒருவரை ஓட்ட உட்கார வைக்கிறார்கள். அவர் அதற்கு முன் வண்டி ஓட்டினதே இல்லை. ஆற்று மதகில் சக்கரம் மாட்டுகிறது. அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்படுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன. அவருக்குக் கால் எலும்பு முறிகிறது.

பாரிஸ்டர் பட்டம் வாங்கினவர், அரசாங்கக் குழுவின் உறுப்பினர், அவருக்கே அந்தக் கதி. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது அல்ல. ஓட்டத் தெரியாத அந்த மனுசரை அவர் குற்றம் சொல்லவில்லை. விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடக்கிறார். ஏன் இவர் ஓட்டினார்? ஓட்டத் தெரிந்தவன் ஏன் ஓட்டவில்லை? அப்படிப் போய்ப் போய் அந்த மறுப்பில் போய் நிற்கிறார். போலீஸ்காரர் எழுதியிருந்தால் 'ஓட்டியவரின் அஜாக்கிரதை' என்று முடித்திருப்பார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என் வாய்க்கால் மதகுக்கு நானும் திரும்பிப் போக வேண்டும் என்று பட்டது. போக தைரியம் வர இன்னும் சில வருஷம் ஆனது.

2016-இல் கரும்பு வெட்டு, லோடு ஏற்றும் ஆட்களின் கூலிப் பிரச்சினைக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு ராத்திரி வீட்டுத் திண்ணையில் அப்பாவிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எப்படி அடுக்குவது, எப்படிக் கட்டுவது, டன்னுக்கு என்ன கூலி. நோட்டை மூடிவிட்டு, பதினாறு வருஷம் வாயில் இருந்ததைத் துப்பினேன்.

"அப்பா, அன்னிக்கி அந்த லோடுலேருந்து நானுந்தான் ஒரு கரும்பு உருவுனேன்."

அப்பா பீடியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அத மனசுல வச்சிகினா இத்தினி வருசமா நீ கரும்பு துண்ணாம கெடந்த?"

நான் பேசவில்லை.

"ஒரு கரும்பு உருவுனா பதினோரு டன்னு சாயுமாம்மா? கட்டு கட்டா உருவுனாக்கூட அப்டி சாயாது. கவுறும்மா. கவுறு. ரெண்டு கவுறு குறுக்க போடணும், ஒண்ணு நெடுக்க போடணும். அன்னிக்கி ஒத்தக் கவுறுதான் இருந்திச்சி. ஆண்ட, ஒத்தக் கவுறு தாங்காது, இன்னொண்ணு குடுங்கன்னு கேட்டேன். அது அந்தப் பெட்டிக்குப் போயிருக்குது, மெதுவா ஓட்டிகினு போவச் சொல்லுன்னாரு. நானும் கட்டிட்டேன்..."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"கட்டுனவன் நான்தான. எந்தங்கச்சி மேல ஏறும்போது, ஏறாதன்னு சொல்லல நானு."

ஒரே கூரைக்கு அடியில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, பதினாறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கொலையைச் சுமந்துகொண்டிருந்தோம். கயிறு தராதவர் ஒரு நாளாவது சுமந்திருப்பாரா?

அப்பா அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பாரம் ஏற்றுவது படிப்பில்லாத வேலை என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சோகை உரித்த கரும்பு வழுவழுப்பானது. கட்டுக்கும் கட்டுக்கும் பிடிமானம் கிடையாது. அடியில் நெடுக்காக அடுக்கி, ஓரம் உயர்ந்து நடு பள்ளமாக இருக்கும்படி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் வைக்கும் கட்டு உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். உயரம் ஏற ஏறப் பாரத்தின் கனம் மேலே போகும். அப்போது சக்கரம் ஒரு சாண் இறங்கினாலும் பாரம் முழுவதும் ஒரு பக்கம் போய்விடும். கயிற்றைப் போட்டுக் கட்டையால் முறுக்கி இறுக்க வேண்டும். அதோடு முடிந்துவிடாது. வண்டி குலுங்கக் குலுங்கப் பாரம் அமுங்கும். அமுங்கினால், கிளம்பும்போது விண்ணென்று இருந்த கயிறு தொளதொளத்துவிடும். அதனால் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பின் விளக்கை மறைக்கிற மாதிரி கரும்பு தொங்கக் கூடாது. ராத்திரியில் பின்னால் வருகிறவனுக்கு அது வெறும் இருட்டாகத்தான் தெரியும், கிட்டே வந்து மோதின பிறகுதான் வண்டி என்று தெரியும்.

இவ்வளவும் எங்கள் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்ய ஒரு கயிறும் கால்மணி நேரமும் வேண்டும். அந்த இரண்டும் அவர் கையில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அளவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்கிறது. ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி என்கிறது. 2019-இல் செய்த திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய் என்று ஏற்றினார்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் உயரத்திலும் அளவு மீறித் துருத்திக்கொண்டு போனாலும் 20,000 ரூபாய்.

நல்ல சட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு கரும்பு வண்டி அளவு மீறினதா என்று கண்டுபிடிக்க எந்த அதிகாரியும் வேர்வை சிந்த வேண்டியதில்லை. ஒவ்வொரு லோடும் எடை மேடை ஏறுகிறது. சீட்டு அச்சாகிறது. அந்தச் சீட்டை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம், வெட்டினவனுக்குக் கூலி, வண்டிக்கு வாடகை. பெட்டியின் பக்கத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எடையையும் சீட்டில் இருக்கும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாரே, அந்தக் காகிதமே சாட்சி. அதைக் குற்றத்துக்குச் சாட்சியாக யாரும் கேட்டதில்லை. கூலிக் கணக்குக்கு மட்டும்தான் கேட்டார்கள்.

இழப்பீடு கதை இன்னும் மோசம். 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சரக்கு வண்டியில் காசு கொடுக்காமல் ஏறிப் போனவர் செத்தாலும் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு என்று சொல்லியிருந்தது. அத்தை செத்தது அதற்கு அடுத்த மாதம். எங்களுக்கு அப்படி ஒரு வழி இருந்தது என்று சொல்ல ஆளில்லை. 10,000 ரூபாயும் கைநாட்டுமாக முடிந்தது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. சரக்கு வண்டியில் இனாமாக ஏறுகிற பயணிக்குக் காப்பீடு கிடையாது. வண்டிக்காரரிடம் வேலை செய்கிற கூலியாள் என்று நிரூபித்தால் உண்டு.

அதனால் இன்றைக்கு ஒவ்வொரு வழக்கிலும் ஒரே கேள்விதான். செத்தவள் கூலியாளா, இனாம் பயணியா? வண்டிக்காரர், "பாவம்னு ஏத்திகினேன்" என்பார். மேஸ்திரி, "எங்கிட்ட ஆள் கணக்கு இல்ல" என்பார். காலையிலிருந்து முதுகு ஒடிய வெட்டினவள் செத்த பிறகு இனாம் பயணி ஆகிவிடுவாள். யாருக்கு யார் இனாம் கொடுத்தது?

வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி வருகிறோம். வேலை நாள் கணக்கை, மேஸ்திரி பேரோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அசம்பாவிதம் நடந்தால் ஊர்ப் பேச்சுவார்த்தையில் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள். தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடு என்ற பிரிவு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கருமாதி, கடன் என்று அழுதுகொண்டே ஆறு மாதம் ஓடிவிடும்.

அரசாங்கக் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகள் அதிகம் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். அந்தப் பட்டியலில் சாவுக்குப் பெரிய காரணம் 'அதிவேகம்' என்றிருக்கிறது. வேகம் கொல்லும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடக்கிற ஆளைவிட மெதுவாகப் போன வண்டியையும் 'அதிவேகம்' என்று எழுதின பேனாவை நான் பார்த்திருக்கிறேன். தராத கயிறு எந்தக் கட்டத்தில் வரும்? இல்லாத பஸ் எந்தக் கட்டத்தில் வரும்?

அத்தை மகன் இப்போது லோடு ஏற்றுகிற வேலைதான் செய்கிறான். எனக்கு மாமா முறை. 2016-இல் அப்பா சொன்ன கதையை அவனிடமும் சொன்னேன். நான் கரும்பு உருவினதையும் சொன்னேன். "அடப்போ புள்ள" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எழுந்து போய் வெகுநேரம் தெருக்கோடியில் நின்றுவிட்டு வந்தான்.

போன அரவையின்போது ஒருநாள் போன் செய்தான்.

"ஏ புள்ள, இன்னிக்கி ரெண்டு மணி நேரம் வண்டிய நிறுத்திப்புட்டோம். ரெண்டாவது கவுறு வந்தாத்தான் எடுக்கலாம், பொம்பளைங்க யாரும் மேல ஏறக் கூடாதுன்னு சொல்லிப்புட்டோம். கத்துனாங்க. அப்பறம் ஆள அனுப்பிக் கவுறு வாங்கியாந்தாங்க."

"பொம்பளைங்க எப்டி மாமா வீட்டுக்கு வந்தாங்க?"

"நடந்துதான். ஒம்போது மணி ஆயிடுச்சி."

"கூலியில ஏதாச்சும் புடிச்சாங்களா?"

"கவுத்துக் காசப் புடிச்சிகினாங்க. 600 ரூபா. ஆறு பேருக்கு ஆளுக்கு நூறு."

கயிற்றை யார் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

"நாங்கதான். எங்க காசு, எங்க கவுறு. நாளைக்கி எந்தப் பெட்டிக்குப் போனாலும் அது எங்க கூடவே வரும்."